புகை எரியும் வேகம்

ஜூன் 9, திங்கள்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாலையில் வால்பாறை வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மழை. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பூங்கொடி துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நாற்பது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை அதை எடுக்கவில்லை. எங்கள் சின்னக் கார் சாலையிலுள்ள ஒவ்வொரு குழியையும் அப்படியே அவள் முதுகில் கொண்டுபோய் இறக்குகிறது. மார்பில் தொடங்கிய நோய் முதுகெலும்புக்கு வந்தபின் எல்லாப் பயணமும் இப்படித்தான். அட்டகட்டியில் நிறுத்தி, "கொஞ்ச நேரம் இறங்கி நிக்கலாமா?" என்று கேட்டேன்.

"இறங்குனா மறுபடி ஏறோணுமுங்க" என்றாள்.

போன மாதம் ஒரு தடவை எஸ்டேட் மேனேஜர் தன்னுடைய பெரிய வண்டியைக் கொடுத்து அனுப்பினார். அன்று பொள்ளாச்சியில் தூங்கியவள் வால்பாறை பஸ் ஸ்டாண்டு இரைச்சலில்தான் கண் விழித்தாள். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த வண்டி அது. குழி வந்தால் சக்கரம் மட்டும் இறங்கி ஏறுகிறது, உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை. மறுபடி கேட்டாலும் கொடுப்பார். எனக்குக் கேட்க வராது.

அந்த மாதிரி பழைய வண்டி ஒன்றை வாங்கினால் என்ன?

டீ ஃபேக்டரியில் இலை உலர்த்தும் இரண்டாவது டிரையரில் பேரிங் சத்தம். நாளை திறந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

பொள்ளாச்சி மனையைக் கொடுத்துவிடலாம் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றதும் வீடு கட்டுவதற்காக வாங்கிப் போட்டது. எனக்கும் பூங்கொடிக்கும் பிள்ளைகள் இல்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு மலையிலேயே வாடகைக்கு இருந்துகொள்ளலாம். இந்தக் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

பூங்கொடிக்குத் துணையாகப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாவை இருக்கச் சொல்லிவிட்டு, கோயம்புத்தூரில் பழைய வண்டி விற்கும் கடைக்குப் போனேன். அஷ்ரஃப் என்று ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும். காற்றுப் பை வைத்ததாக இரண்டு வண்டிகள் இருந்தன, இரண்டும் ஜெர்மன். கறுப்பு வண்டி பெட்ரோல், சாம்பல் நிற வண்டி டீசல்.

கறுப்பு வண்டிதான் பார்க்க அழகு, ஓடியதும் குறைவு. டேங்க் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: உயர் ரகப் பெட்ரோல் மட்டும் போடவும்.

"சாதாரணப் பெட்ரோல் போட்டா?"

"ஓடும் சார். ஆனா மலை ஏறும்போது எஞ்சினுக்குள்ள தட்டும். ரெண்டு வருசம் அப்படியே ஓட்டினீங்கன்னா எஞ்சினுக்கு நல்லதில்ல."

வால்பாறையில் அந்த ரகப் பெட்ரோல் கிடைக்காது. பொள்ளாச்சியில் நிரப்பி ஏறினால் ஏற்றத்தில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். டீசல் வண்டி ஏற்றத்தில் ஆறேழு கொடுக்கும், சமவெளியில் பதினொன்று வரும். அதற்கு வேறு ஒரு குணம் இருக்கிறது. அஷ்ரஃப் அதை மறைக்காமல் சொன்னார்.

"சார், டீசல் வண்டியில புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கு. புகைக்கரி அதுல சேரும். ஹைவேயில வேகமா ஓட்டினா சூட்டுல அந்தக் கரி தானா எரிஞ்சிரும். மலையில மெதுவா, பக்கத்துல பக்கத்துல ஓட்டிக்கிட்டிருந்தீங்கன்னா எரியாது, அடைச்சிக்கும். மாசம் எத்தன தடவை கீழ வருவீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு வருவோம். ரெண்டு தடவையாவது."

"அப்பப் பிரச்சினையே இல்ல. பொள்ளாச்சி ரோட்டுலயே எரிஞ்சிரும். யாருக்கு சார் உடம்பு சரியில்ல?"

"வீட்ல" என்றேன். அஷ்ரஃப் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடியிடம் இரண்டு வண்டிகளைப் பற்றியும் சொன்னேன். கட்டிலருகே உட்கார்ந்து எரிபொருள் செலவை ஒப்பிட்டுக் காட்டினேன். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நாலாவது வருஷம் திரும்பிவிடும்.

"எத்தன வருசத்துக்குப் போட்டுப் பாத்தீங்க?"

"அஞ்சு."

சிரித்தாள். சிரித்ததில் முதுகு வலித்துவிட்டது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

டீசல்தான்.

ஜூன் 19, வியாழன்

மனைக்கு முன்பணம் வந்துவிட்டது. வண்டியை எடுத்துவந்தேன். கவர்க்கல்லில் எதிரே வருவது தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். விளக்குகள் நன்றாக இருக்கின்றன. குவார்ட்டர்ஸ் ஷெட்டுக்குள் நுழையவில்லை, பின்பக்கம் இரண்டடி வெளியே நிற்கிறது. தார்ப்பாய் வாங்க வேண்டும். பூங்கொடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் பயணம். பின்சீட்டைச் சாய்த்துத் தலையணை வைத்துப் படுக்க வைத்தேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பத்தாவது வளைவில் கண்ணை மூடினாள். ஆழியாறு அணை வந்ததும் எழுந்து, "அதுக்குள்ள வந்துட்டமா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மனையைக் கொடுத்தது தகும்.

ஊசி ஏற்ற நாலு மணி நேரம் ஆனது. திரும்பும்போது வாந்தி, ஆனால் வலியில்லை. சமவெளியில் பதினொன்றரை கொடுத்தது. அஷ்ரஃப் சொன்னதைவிட அதிகம்.

ஜூலை 3, வியாழன்

மழை. இலை ஈரமாக வருகிறது, வாட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிறது. மார்க்கெட்டுக்கும் மருந்துக்கடைக்கும் பெரிய வண்டியிலேயே போய் வந்தேன். நிறுத்த இடம் தேடிச் சுற்றினேன்.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாவது பயணம். போகும்போதும் வரும்போதும் தூங்கினாள். முன்பெல்லாம் வண்டியில் ஏறினால் வாய் ஓயாது. அந்த ஹோட்டலில் நிறுத்துங்கள், இங்கே இளநீர் குடிக்கலாம், அந்தக் குரங்கைப் பாருங்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். தூங்குவது நல்லதுதான். உடம்புக்கு ஓய்வு.

ஜூலை 22, செவ்வாய்

புதிதாக எடுத்த ஸ்கேனை டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். ஈரலுக்கும் வந்திருக்கிறது. மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். "மாத்துனா எவ்வளவு நாள் கூட இருப்பேன் டாக்டர்?" என்று பூங்கொடி நேராகவே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். "நான்தானுங்க கேட்டேன்" என்றாள். அவர் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அஷ்ரஃபுக்குப் போன் செய்தேன்.

"மலையில சின்னச் சின்னதா ஓட்டினீங்களா சார்?"

"மருந்துக்கடைக்கு, ஃபேக்டரிக்கு. இன்னைக்குக் கீழயும் மெதுவாத்தான் வந்தேன்."

"அதான். இப்பவே ஹைவே ஏறுங்க. எண்பதுல அரை மணி நேரம். உள்ள கரி எரிஞ்சு விளக்கு தானா அணையும். நடுவுல நிறுத்திராதீங்க சார், பாதியில விட்டா இன்னும் மோசமாயிரும்."

பொள்ளாச்சி சாலையில் எண்பதில் பிடித்தேன். பூங்கொடி அன்று படுக்க மாட்டேன் என்று என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் சொன்னாள்.

"எனக்கு இனி ஊசி வேண்டாமுங்க."

"விளக்கு அணையட்டும். பேசலாம்."

"நீங்க ஓட்டுங்க. நான் பேசறேன். அந்த ஊசி போட்டா பத்து நாள் படுத்துக் கெடக்கறேன். தெளிஞ்சு எந்திரிக்கறப்ப அடுத்த ஊசி வந்துருது. இருக்கற நாளையாவது வாந்தியெடுக்காம இருந்துட்டுப் போறேன். வீட்லயே இருக்கறேன். வலிக்கு மட்டும் மாத்திரை குடுங்க."

முன்னால் ஒரு செங்கல் லாரி. ஒதுங்கி முந்தினேன். வேகத்தைக் குறைக்கக்கூடாது.

"உங்ககிட்டத்தான் சொல்றேன். கேக்குதா?"

"கேக்குது."

"என்னத் தூக்கிட்டு இந்த ரோட்டுல இனி வர வேண்டாம். என்ன, சரிதானுங்க?"

நான் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணத்துக்கடவு வந்துவிட்டது. அவள் கையை நீட்டி, எனக்கு முன்னாலிருந்த வேகமானிப் பலகையைக் காட்டினாள்.

"விளக்கு அணைஞ்சு ரொம்ப நேரமாச்சுங்க. இப்பவாவது நிறுத்திட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நிறுத்தினேன். இந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்றேன். வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, சூடு போதவில்லை என்றாள்.

ஜூலை 28, திங்கள்

பூங்கொடியின் தங்கை மரகதம் உடுமலையிலிருந்து வந்திருக்கிறாள். கொஞ்ச நாள் இருப்பாள். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா வலிக்கு மார்ஃபின் எப்படிக் கொடுப்பது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தார். நானும் நின்றேன். வண்டியின் பேட்டரி ஞாபகம் வந்து வெளியே போனேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இனி ஆஸ்பத்திரிப் பயணம் இல்லை. ஆனால் ஃபில்டர் அடைக்கும். நிறுத்தியே வைத்திருந்தாலும் கெடும், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் இன்னும் கெடும் என்று அஷ்ரஃப் சொல்கிறார். வாரம் ஒரு தடவையாவது கீழே கொண்டுபோய் ஓட்டியாக வேண்டும்.

காலையில் கிளம்பிக் கிணத்துக்கடவு வரை போய்த் திரும்பினேன். வெறும் வண்டி, பாரம் இல்லை. பன்னிரண்டு கொடுத்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது. உள்ளே இருப்பதும் வெளியே கேட்காது. நல்ல கட்டுமானம்.

திரும்பும்போது ஆழியாறில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு ஏறினேன்.

ஆகஸ்ட் 9, சனி

மறுபடி கிணத்துக்கடவு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் போனேன். மழைக்காலத்தில் கரி சீக்கிரம் சேரும் என்று நினைக்கிறேன். அஷ்ரஃபிடம் கேட்கவில்லை.

மரகதம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க மச்சான், அந்த வண்டிக்கு வாரத்துல ரெண்டு நாள் தீனி போடோணுமா? அக்கா இங்க ஒத்தையாக் கெடக்கறா."

"நீ இருக்கறயே" என்றேன்.

"நானும் நீங்களும் ஒண்ணாங்க?"

ரசத்தில் உப்பு கூடுதல். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சாப்பாடு குறைந்துவிட்டது. கஞ்சி இரண்டு ஸ்பூன். கையைப் பிடித்தால் எலும்பு தெரிகிறது. வளையலெல்லாம் கழற்றி மரகதத்திடம் கொடுத்துவிட்டாள்.

டீசல் நிரப்பினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

மரகதம் கடைவீதிக்குப் போயிருந்தாள். பூங்கொடி என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வண்டி எப்படீங்க ஓடுது?"

"நல்லா ஓடுது. நேத்து பன்னிரண்டு குடுத்துச்சு."

"ஏத்தத்துல?"

"ஏழு."

"ஒத்தை ஆளாப் போனா கூடுதலாத்தான் குடுக்கும்" என்றாள். பிறகு, "எனக்கப்புறம் இதை வச்சுக்காதீங்க. இவ்வளவு பெரிய வண்டியில நீங்க மட்டும் போறது எனக்குப் பிடிக்கல" என்றாள்.

பின்பக்க டயர்கள் இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் என்றேன். அவள் என் கையைத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். மரகதம் வரும்வரை கையை எடுக்கவில்லை. மரத்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கிணத்துக்கடவு.

செப்டம்பர் 5, வெள்ளி

கிணத்துக்கடவு. வழியில் தூறல்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து பூங்கொடி கூப்பிட்டாள். குரல் இரண்டு நாளாகவே காற்றாகத்தான் வருகிறது.

"இன்னைக்குப் போக வேண்டாமே."

"மஞ்சள் விளக்கு எரியுது. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

விளக்கு எரியவில்லை. எரிகிற நேரம் வந்துவிட்டது, அதனால் அப்படிச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரிங்க. பாத்துப் போங்க" என்றாள்.

கிணத்துக்கடவு தாண்டி ஈச்சனாரி வரை போனேன். திரும்பி மலை ஏறும்போது அட்டகட்டிக்குக் கீழே ஒரு மரம் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்திருந்தது. முன்னால் பஸ், பின்னால் லாரி. திருப்ப இடமில்லை, போனுக்கு சிக்னல் இல்லை. ரம்பம் வந்து வெட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். இருக்கை நிஜமாகவே வசதிதான். அந்த வசதி பிடிக்காமல் இறங்கி, மழையில் நின்று கிளைகளை இழுத்துப் போட்டேன்.

வீட்டு வாசலில் மரகதம் நின்றிருந்தாள். "மத்தியானத்துலருந்து பேச்சில்லைங்க" என்றாள்.

கண் திறந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நர்ஸம்மா வந்தார். தொண்டை நனைய மட்டும் தண்ணீர் தொட்டு வைக்கச் சொன்னார். காது கேட்கும், பேசுங்கள் என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

என்ன பேசுவது என்று தெரியவில்லை. உடுமலையில் அவளைப் பெண் பார்க்கப் போன நாளைச் சொன்னேன். அன்று அவர்கள் வீட்டு நாய் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வெறுங்காலோடு பஸ் ஏறினேன். மரகதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்கொடி முகத்தில் மாற்றம் எதுவுமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டேன். கட்டிலருகே இருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

மூச்சு விட்டு விட்டு வருகிறது. மழை நின்றிருக்கிறது. அவள் தலையை நானே வாரிவிட்டேன். ஊசிகளால் கொட்டிய முடி கொஞ்சம் முளைத்திருக்கிறது, குழந்தைமுடி மாதிரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. மரகதம் ஊருக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் போகிறேன் என்றவளை நான்தான் வண்டியில் ஏற்றினேன். பெரிய வண்டியில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை. பையை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வளைவுகள் முடிந்து ஆழியாறு தெரிந்ததும் தொண்டையைச் செருமினாள்.

"மச்சான், ஒண்ணு சொல்லோணும். சொல்லாமப் போனா மனசு கேக்காது."

"சொல்லும்மா."

"அன்னைக்கு அக்கா போக வேண்டாம்னு சொல்லியும் நீங்க கிளம்பிப் போனீங்க பாருங்க. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இவரெல்லாம் ஒரு மனுசனா, பொண்டாட்டிய விட வண்டி பெருசாப் போச்சான்னு அக்காகிட்டயே கத்திட்டேன்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு அக்கா சொன்னா. 'அவரை ஒண்ணும் சொல்லாதடி. இந்த வீட்டுக்குள்ள, என் கண்ணு முன்னால அவரால அழ முடியாது. வண்டிய எடுத்துட்டுப் போய்த்தான் அழுதுட்டு வர்றாரு. எனக்குத் தெரியும். எங்கூட இருந்து அழுதிருந்தா நல்லாருந்துருக்கும். வரலைன்னா என்ன பண்றது'ன்னா. அதுக்கப்புறம் தண்ணி கேட்டா. குடுத்தேன். தூங்குனா. அவ்வளவுதானுங்க மச்சான், அவ பேசுனது."

அணைக்கரையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். பக்கத்தில் ஆள் இருக்கிறது, சாலையில் பஸ் போகிறது, மீன் வறுத்து விற்கிற பெண் எங்களையே பார்க்கிறாள், எல்லாம் தெரிந்தது. ஸ்டீயரிங்கின் மேல் தலையை வைத்துச் சத்தமாக அழுதேன். நிறுத்த முடியவில்லை. மரகதம் என்னைத் தேற்றவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் அழுதாள். கடைசியாக அவள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாமுங்க மச்சான்" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் உடுமலை போய்ச் சேர்ந்தோம். இன்று அங்கேயே தங்குகிறேன்.